சத்தத்தைக் கூட்ட வேண்டாம், சரியான ஹெட்போனைத் தேடுங்கள்

நம் வீடுகளில் ஏதாவது ஓர் அறையின் மூலை மெல்ல மெல்ல ஒலிப்பதிவுக் கூடமாக மாறி வருகிறது. சுவரில் பழைய போர்வை, மேசையில் மடிக்கணினி, பக்கத்தில் ஓர் ஒலிவாங்கி. தம்பி ராப் பாடுகிறான், தங்கை பாட்காஸ்ட் நடத்துகிறாள், சித்தப்பா மகன் வார இறுதியானால் திருமண விருந்துகளுக்கு டிஜேவாகக் கிளம்பிவிடுகிறான்.

நான் வானொலி அறிவிப்பாளர் என்பதால் இப்படிப்பட்ட இளையோர் பலர் என்னிடம் ஆலோசனை கேட்பதுண்டு. முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “எந்த மைக் வாங்கலாம்?” மைக், அதற்கான கருவி, மென்பொருள் எல்லாம் வாங்கி முடித்து, கையில் மிஞ்சிய காசில் வாங்கும் பொருளாகத்தான் ஹெட்போன் இருக்கிறது. பெற்றோரின் கேள்வி வேறு மாதிரி இருக்கும்: “பாசார் மாலாமில் 40 ரிங்கிட்டுக்கே ஹெட்போன் கிடைக்கிறது. இவன் ஏன் 500 ரிங்கிட் கேட்கிறான்?”

நியாயமான கேள்வி. அதற்கு நேரடியான பதிலும் உண்டு. ஒலிப்பதிவுக்கும் டிஜே வேலைக்கும் வாங்கும் ஹெட்போனில் நாம் காசு கொடுப்பது இனிமையான இசைக்காக மட்டும் இல்லை. காதின் மேல் ஒரு சுவர் எழுப்பத்தான் காசு கொடுக்கிறோம். அந்தச் சுவர் சரியாக இருந்தால் பதிவு சுத்தமாக இருக்கும், கலவை சரியாக விழும். எல்லாவற்றுக்கும் மேலாக, சத்தத்தைக் குறைத்து வைத்தே வேலையை முடிக்கலாம். காதுக்கு அதுதான் பெரிய லாபம்.

மூடியது, திறந்தது

ஹெட்போன்களில் இரண்டு பெரிய வகைகள் உள்ளன. திறந்த வகையில் காதை மூடும் கிண்ணத்தின் பின்பக்கம் வலை போல இருக்கும். உள்ளே எழும் ஒலி பின்பக்கமாகவும் வெளியேறும், வெளி ஒலியும் உள்ளே வரும். கேட்பதற்கு விசாலமாக, நம் எதிரே யாரோ வாசிப்பதைப் போல இருக்கும். அமைதியான அறையில் உட்கார்ந்து, பதிவு செய்து முடித்த பாடலை மெருகேற்றுவதற்கு இதைப் பலர் விரும்புகிறார்கள்.

மூடிய வகையில் கிண்ணத்தின் பின்பக்கம் முழுவதும் அடைக்கப்பட்டிருக்கும். ஒலி உள்ளேயே தங்கும், வெளிச்சத்தம் பெருமளவு தடுக்கப்படும். இதற்கு ஒரு விலையும் உண்டு. அடைத்த கிண்ணத்துக்குள் ஒலி எதிரொலிப்பதால், பாஸ் ஒலி சில வகைகளில் உள்ளதைவிடக் கனமாகத் தெரியலாம். இசை தலைக்குள்ளேயே நிற்பதைப் போன்ற உணர்வும் வரும். ஆகவே, மூடியதுதான் உயர்ந்தது என்றோ திறந்ததுதான் உயர்ந்தது என்றோ சொல்ல முடியாது. எதிரே ஒலிவாங்கி இருக்கிறதா, சுற்றிலும் இரைச்சல் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று இருந்தாலும் மூடிய வகைதான் உங்களுக்கு வேண்டும்.

ஒலிவாங்கி திறந்திருக்கும்போது

வானொலி நிலையத்தில் ஓர் ஏற்பாடு உண்டு. அறிவிப்பாளரின் ஒலிவாங்கி இயங்கத் தொடங்கியதும் அறையிலுள்ள ஒலிபெருக்கிகள் தாமாகவே அடங்கிவிடும். அடங்காவிட்டால், ஒலிபெருக்கியில் வரும் எங்கள் குரலே மீண்டும் ஒலிவாங்கிக்குள் புகுந்து சுற்றிச் சுற்றி ஊளையிடும். அதனால் பேசும் நேரம் முழுவதும் எங்களுக்கு ஹெட்போன்தான் காது. பாடல் எப்போது முடிகிறது, அழைப்பில் உள்ள நேயர் என்ன சொல்கிறார் என்பதெல்லாம் அதன் வழியாகத்தான் தெரியும்.

வீட்டில் பாடுகிறவருக்கும் இதே நிலைதான். தாளமும் பின்னணி இசையும் ஹெட்போனில் ஓட, வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் ஒலிவாங்கி நிற்கிறது. ஹெட்போன் கசிந்தால் அந்த இசையும் குரலோடு சேர்ந்து பதிவாகிவிடும். அதிகம் கசிவது கூர்மையான ஒலிகள். தாளம் தவறாமல் இருக்க ஓடவிடும் ‘டிக் டிக்’ ஓசை அவற்றில் முதன்மையானது. பாடகர் ஓங்கிப் பாடும் இடத்தில் அது காதில் விழாது. மூச்சு வாங்கும் இடத்திலும், பாட்டின் மென்மையான முடிவிலும் தெளிவாகக் கேட்கும். பிறகு பின்னணி இசையை மாற்றினாலும் பழைய இசையின் நிழல் குரலுக்கு அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். அதை மென்பொருளால் முழுவதும் துடைத்தெடுப்பது கடினம்.

பாடகர்கள் பலருக்கு இன்னொரு பழக்கம் உண்டு. சுருதி பிடிப்பதற்காக ஒரு பக்கத்தைக் காதிலிருந்து விலக்கி வைத்துக்கொள்வார்கள். தவறில்லை. ஆனால் விலக்கிய கிண்ணம் காற்றைப் பார்த்தபடி இருந்தால், எவ்வளவு நல்ல மூடிய ஹெட்போனும் திறந்ததாகிவிடும். அந்தக் கிண்ணத்தைக் காதுக்குப் பின்னால், தலையோடு ஒட்டி வையுங்கள். முடிந்தால், மென்பொருளில் அந்தப் பக்கத்துக்குப் போகும் ஒலியை முழுவதும் நிறுத்திவிடுங்கள்.

பாட்காஸ்ட் நடத்துவோர் விருந்தினரின் ஹெட்போனையும் கவனிக்க வேண்டும். தொகுப்பாளர் தரமான கருவி போட்டுக்கொண்டு, எதிரே இருப்பவருக்குக் கைப்பேசியோடு வந்த சிறு இயர்போனைக் கொடுத்தால், விருந்தினர் பக்கமிருந்து ஒலி கசிந்து எதிரொலி போலப் பதிவாக வாய்ப்புண்டு.

மண்டபத்தில் டிஜே

டிஜேவின் தேவை இதற்கு நேர் எதிரானது. அவருடைய ஹெட்போனிலிருந்து ஒலி வெளியே கசிந்தால் யாரும் கவலைப்படப் போவதில்லை. மண்டபத்தின் சத்தம் உள்ளே வருவதுதான் சிக்கல்.

திருமண விருந்தை நினைத்துப் பாருங்கள். உறுமி மேளம் முழங்க மணமக்கள் உள்ளே வருகிறார்கள். மேளம் முடிந்த கையோடு டிஜே பாடலைத் தொடங்க வேண்டும். ஒரு பாடல் மண்டபத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அடுத்த பாடலை ஹெட்போனில் தனியாகக் கேட்டு, அதன் தாளத்தை ஓடும் பாடலின் தாளத்தோடு இணைக்க வேண்டும். ஒரு காது மண்டபத்துக்கு, இன்னொரு காது ஹெட்போனுக்கு. ஆகவே டிஜே ஹெட்போனில் நான்கு விஷயங்களைப் பார்க்க வேண்டும்: காதை நன்றாக அழுத்திப் பிடிக்கும் பிடிமானம், ஒரு பக்கத்தை எளிதில் திருப்பி நகர்த்தும் வசதி, ஓரளவு உரத்த ஒலியிலும் உடையாத தெளிவு, அடிக்கடி கழற்றி மாட்டினாலும் முறியாத உடல்.

கம்பியும் முக்கியம். பழைய தொலைபேசிக் கம்பி போலச் சுருண்ட கம்பி டிஜேவுக்கு வசதியானது. நகரும்போது நீளும், நின்றால் சுருங்கும், காலில் மாட்டாது. அமர்ந்து பாடுகிறவருக்கோ அதே கம்பி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருக்கும். அவருக்கு நேரான நீளக் கம்பி நல்லது.

கம்பியே வேண்டாம், புளூடூத் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. பயணத்தில் பாட்டுக் கேட்கப் போதும், இந்த வேலைகளுக்குப் போதாது. சாதாரண புளூடூத் ஹெட்போனில் ஒலி வந்து சேர 0.1 முதல் 0.2 விநாடி வரை தாமதமாகலாம். ஒலி காற்றில் விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. அப்படியானால் 0.2 விநாடி என்பது 68 மீட்டர். கால்பந்துத் திடலின் அகலம் ஏறக்குறைய அவ்வளவுதான். திடலின் அந்தப் பக்கம் மேளம் அடிக்க, இந்தப் பக்கம் நின்று தாளம் தவறாமல் பாட முடியுமா? இரைச்சலை மின்னணு முறையில் குறைக்கும் ஹெட்போன்களும் எல்ஆர்டி பயணத்துக்கு அருமையானவை. ஆனால் அந்த மின்னணுச் செயல் ஒலியின் இயல்பை ஓரளவு மாற்றக்கூடும். பதிவு வேலைக்குக் கிண்ணமும் மெத்தையும் தரும் இயற்கையான மறைப்பே நம்பகமானது.

காதுக்கு மாற்று இல்லை

சுவர் பலவீனமாக இருந்தால் நாம் என்ன செய்வோம்? சத்தத்தைக் கூட்டுவோம். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

நம் நாட்டில் 2019ஆம் ஆண்டு நடப்புக்கு வந்த பணியிட இரைச்சல் விதிமுறைகள், நாள்தோறும் தாங்கக்கூடிய இரைச்சலுக்கு 85 டெசிபல் என வரம்பு வைத்துள்ளன. அது 8 மணி நேர வேலை நாளுக்கான கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறையும். 88 டெசிபலில் 4 மணி நேரம், 91இல் 2 மணி, 94இல் 1 மணி, 97இல் அரை மணி, 100 டெசிபலில் வெறும் 15 நிமிடம். நான்கு மணி நேர விருந்தில் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நிற்கும் ஓர் இளைஞரை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள்.

பொழுதுபோக்காகக் கேட்போருக்கு உலகச் சுகாதார நிறுவனம் இன்னும் கடுமையான அளவைச் சொல்கிறது. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல், சிறுவர்களுக்கு அதே 40 மணி நேரத்துக்கு 75 டெசிபல்.

இப்போது சுவரின் மதிப்பு புரியும். எடுத்துக்காட்டாக, டிஜே நிற்கும் இடத்தில் 95 டெசிபல் சத்தம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காதைச் சரியாக மூடாத ஹெட்போனில் அடுத்த பாடலைக் கேட்க வேண்டுமானால் 95ஐத் தாண்டி வைக்க வேண்டும். 15 டெசிபல் தடுக்கும் ஹெட்போன் என்றால் உள்ளே வருவது 80தான். அதைவிடச் சற்றே கூட்டி வைத்தால் போதும். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். கூர்மையான ஒலியை ஹெட்போன் நன்றாகத் தடுக்கும், அதிரும் பாஸ் ஒலியை அந்த அளவுக்குத் தடுக்காது.

மண்டபத்துக்குத் திறந்து வைத்திருக்கும் இன்னொரு காதையும் மறக்கக் கூடாது. இசைக் கலைஞர்களுக்கென்றே தயாராகும் காதடைப்பான்கள் இருக்கின்றன. பஞ்சு அடைத்தது போல் மங்கலாக்காமல், எல்லா ஒலியையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைப்பவை அவை. நிகழ்ச்சி முடிந்து வீடு திரும்பிய பிறகும் காதில் ‘ஙொய்’ என்ற ரீங்காரம் இருந்தால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது அடிக்கடி வந்தாலோ, மறுநாளும் நிற்காவிட்டாலோ காது மருத்துவரைப் பாருங்கள். இரைச்சலால் உட்செவியில் அழிந்த நுண்மயிர் அணுக்கள் மீண்டும் வளர்வதில்லை.

பெட்டியில் அச்சிட்ட எண்கள்

கடையில் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் வரிசையாக எண்கள் இருக்கும். அவற்றில் பல நமக்குத் தேவைப்படாதவை. ‘5 முதல் 40,000 ஹெர்ட்ஸ் வரை’ என்று போட்டிருந்தால் மயங்க வேண்டாம். மனிதக் காதின் எல்லை ஏறக்குறைய 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரைதான், வயது ஏற ஏற மேல் எல்லை குறையவும் செய்யும். உள்ளிருக்கும் சிறு ஒலிபெருக்கி 40 மில்லிமீட்டரா 50 மில்லிமீட்டரா என்பதும் தரத்தைச் சொல்லாது.

பார்க்க வேண்டிய எண் ‘ஓம்’. அது மின்தடையின் அளவு. ஓம் அதிகமான ஹெட்போனுக்குப் பொதுவாக அதிக மின்னழுத்தம் தரும் கருவி வேண்டும். 32 முதல் 80 ஓம் வரை உள்ளவை மடிக்கணினியிலும் சிறிய ஒலிப்பதிவுக் கருவிகளிலும் போதிய சத்தம் தரும். 250 ஓம் ஹெட்போனை நேராக மடிக்கணினியில் செருகினால் பலவீனமாகக் கேட்கக்கூடும். எண் பெரிதாக இருந்தால் தரமும் உயர்ந்தது என்று நினைத்து வாங்கிவிட்டு, அதை இயக்க இன்னொரு பெருக்கிக் கருவிக்குச் செலவு செய்கிறவர்கள் உண்டு.

செருகியையும் பாருங்கள். மடிக்கணினிக்கு 3.5 மில்லிமீட்டர், பெரும்பாலான ஒலிப்பதிவுக் கருவிகளுக்கும் டிஜே கலவைக் கருவிகளுக்கும் 6.3 மில்லிமீட்டர். இரண்டுக்கும் பொருந்தும் இணைப்பி கூடவே வருகிறதா என்று கேளுங்கள். திருகி மாட்டும் வகை எளிதில் தொலையாது.

காலம் சோதித்த நான்கு பெயர்கள்

புதிய பெயர்கள் மாதந்தோறும் வருகின்றன. இருந்தாலும் துறையில் உள்ளவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் சில பெயர்கள் மாறவில்லை.

சோனி எம்டிஆர்-7506: 1991இல் வந்தது, இன்றும் விற்பனையில் இருக்கிறது. 63 ஓம், சுருண்ட கம்பி, மடித்துப் பையில் வைக்கலாம். பேச்சில் உள்ள சிறு பிசிறையும் காட்டிக் கொடுக்கும் என்பதால் வானொலி, திரைப்பட ஒலிப்பதிவுக்காரர்களிடம் பெயர் பெற்றது. கம்பியைக் கழற்ற முடியாது என்பது குறை. பாட்காஸ்ட்டுக்கு ஏற்றது.

ஆடியோ-டெக்னிக்கா ஏடிஎச்-எம்50எக்ஸ்: 2014இல் வந்தது. 38 ஓம். கிண்ணங்கள் 90 பாகை திரும்பும். கழற்றி மாட்டக்கூடிய மூன்று கம்பிகள் கூடவே வருகின்றன. பாஸ் சற்றுத் தூக்கலாக இருக்கும். பகலில் பதிவு, இரவில் டிஜே என இரண்டையும் செய்கிறவர் ஒன்றே ஒன்று வாங்க நினைத்தால் இதைப் பார்க்கலாம்.

பையர்டைனமிக் டிடி 770 புரோ: ஜெர்மனித் தயாரிப்பு. 32, 80, 250 ஓம் என மூன்று வகைகளில் கிடைக்கும். வீட்டில் பதிவு செய்வோருக்கு 80 ஓம் வசதியானது. காதைச் சுற்றி உட்காரும் வெல்வெட் போன்ற துணி மெத்தை நீண்ட நேரத்துக்கும் வலிக்காது. பாடகருக்கு நல்லது. இதன் கம்பியும் நிலையானது. பருமனான உடல் என்பதால் டிஜேவுக்கு அவ்வளவு பொருந்தாது.

சென்ஹைசர் எச்டி 25: 1988இல் செய்திப் படப்பிடிப்பு போன்ற வெளிக்களப் பணிகளுக்காக வந்தது, பிறகு டிஜேக்கள் அதைத் தங்களுடையதாக்கிக் கொண்டார்கள். கம்பி நீங்கலாக 140 கிராம்தான். 70 ஓம். காதின் மேலேயே அமர்ந்து அழுத்தும், ஒரு பக்கத்தை எளிதில் நகர்த்தலாம். கம்பி, மெத்தை, தலைப்பட்டை எனப் பாகங்களைத் தனித்தனியாக வாங்கி மாற்றலாம். நீண்ட நேரம் போட்டால் காது வலிக்கும் என்பது பலர் சொல்லும் குறை. ஜிமிக்கியோ பெரிய தோடோ போடும் பெண்களுக்கு அந்த வலி இன்னும் கூடும்.

இவை விளம்பரம் இல்லை. இந்த நான்கையும் அளவுகோலாக வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

நம் புழுக்கமும் வியர்வையும்

வெளிநாட்டு விமர்சனங்களில் அதிகம் பேசப்படாத ஒன்று நம் பருவநிலை. மெத்தையின் மேல் போர்த்தியிருக்கும் செயற்கைத் தோல், ஈரக்காற்றிலும் வியர்வையிலும் நாளடைவில் உரிந்து கறுப்புத் துகளாகக் கொட்டும். அதோடு காதுக்கும் மெத்தைக்கும் இடையே இடைவெளி விழும், சுவரில் ஓட்டை விழுந்த கதைதான். துணி மெத்தையில் வியர்வை குறைவாக இருக்கும், ஆனால் வெளிச்சத்தத்தை அது சற்றுக் குறைவாகவே தடுக்கும்.

ஆகவே வாங்கும் முன்பே, “இதற்கு மாற்று மெத்தை கிடைக்குமா?” என்று கேளுங்கள். மெத்தையும் கம்பியும் மாற்ற முடிந்தால் நல்ல ஹெட்போன் பல ஆண்டுகள் உழைக்கும். 40 ரிங்கிட் பொருளை ஆண்டுக்கு இரண்டு முறை தூக்கி எறிவதோடு ஒப்பிட்டால் 500 ரிங்கிட் கணக்கு வேறு விதமாகத் தெரியும். வேலை முடிந்ததும் மெத்தையைத் துடைத்துக் காற்றாட வையுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுச் செல்லாதீர்கள்.

கடையில் 10 நிமிடம்

கோலாலம்பூரில் லோயாட் பிளாசா, சிங்கப்பூரில் சிம் லிம் ஸ்குவேர், அடெல்ஃபி போன்ற இடங்களுக்குப் போகிறவர்கள் வெறுமனே பெட்டியைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டாம். போட்டுப் பார்க்க அனுமதிக்கும் கடையைத் தேடுங்கள். உங்களுக்கு மனப்பாடமான இரண்டு பாடல்களைக் கைப்பேசியில் கொண்டு செல்லுங்கள்.

முதலில் பாட்டுப் போடாமல் மாட்டிக்கொண்டு, கடையின் இரைச்சல் எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். பிறகு வழக்கமான சத்தத்தில் பாடலை ஓடவிட்டு, கூட வந்தவரை ஒரு சாண் தள்ளி நின்று கேட்கச் சொல்லுங்கள். அவருக்குப் பாடல் வரி புரிந்தால் உங்கள் ஒலிவாங்கிக்கும் புரியும். தலையை ஆட்டிப் பாருங்கள், குனிந்து பாருங்கள், நழுவக் கூடாது. கண்ணாடி அணிபவர் கண்ணாடியோடுதான் சோதிக்க வேண்டும், ஏனென்றால் சட்டத்தின் ஓரம் மெத்தையைத் தூக்கி ஒலியைக் கசியவிடும். குறைந்தது 10 நிமிடமாவது கழற்றாமல் வைத்திருங்கள். அதற்குள் வலித்தால் இரண்டு மணி நேரப் பதிவில் நிச்சயம் வலிக்கும்.

இணையத்தில் வாங்குவோர் விலை மிகவும் குறைவாக இருந்தால் சந்தேகப்படுங்கள். புகழ்பெற்ற வகைகளுக்குப் போலிகள் உண்டு. அதிகாரப்பூர்வ விற்பனையாளரா, உள்ளூர் உத்தரவாதம் உண்டா என்று பார்த்த பிறகே பணம் செலுத்துங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை பாட்டுக் கேட்க மட்டும் ஹெட்போன் கேட்டால், இவ்வளவு செலவு தேவையில்லை. உண்மையிலேயே பதிவு செய்கிறான், மேடைக்குப் போகிறான் என்றால், மைக்குக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை இதற்கு மாற்றச் சொல்லுங்கள். வாங்கிக் கொடுத்த பிறகு ஒரு நாள் அவன் பக்கத்தில் போய் நில்லுங்கள். ஹெட்போனைப் போட்டிருப்பது அவன், பாட்டு உங்களுக்குக் கேட்கிறது என்றால், ஒலி அளவை அவனோடு சேர்ந்து சரிபார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.